நான்கு சக்கரத்துச் சந்தனம்

எங்கள் ஊருக்குள் ஒரு கார் வந்தால் அது கல்யாணத்துக்கு வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்க வந்ததாக இருக்கும். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஏரிக்கரைச் சரிவில் தினமும் சாயங்காலம் நான்கைந்து கார்கள் ஓடின. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற கார்கள். மேலுடம்பு கெட்டி உலோகம், சக்கரம் மட்டும் பிளாஸ்டிக். திருவிழாக் கடைகளில் விற்கும் லேசான பிளாஸ்டிக் கார்களோடு சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றை இரும்புக் கார் என்போம்.

பனைமரத்தை இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்த கட்டைகள்தான் பாதை. பம்புசெட்டுத் தண்ணீரைப் பள்ளத்து வயலுக்குக் கொண்டுபோக ஒரு காலத்தில் போட்டவை, சிமெண்டு வாய்க்கால் வந்ததும் சும்மா கிடந்தன. பல வருஷம் தண்ணீர் ஓடியதில் உள்ளே வழவழவென்று இருக்கும். அவற்றைக் கரையின் சரிவில் இரண்டு வரிசையாகப் போட்டு, கட்டையும் கட்டையும் சேருமிடத்தில் ஏரிக் களிமண்ணை அப்புவோம். களிமண் காய்ந்து வெடித்திருந்தால் கார் அந்த இடத்தில் எகிறிக் குப்புற விழும். காரைத் தள்ளக் கூடாது, விரலை மட்டும் எடுக்க வேண்டும். மற்றதைச் சரிவு பார்த்துக்கொள்ளும்.

என் சிவப்புக் காரை வாங்கித் தந்தவர் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். ஊரில் நிலம் நிறைய வைத்திருந்த ஒருவருக்கு டிராக்டர் ஓட்டினார். டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போனவர், அந்தக் காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பொம்பளைப் பிள்ளைக்குக் காரா என்று அம்மா கேட்டாள். கடையில் அதுதான் நல்ல கனமாக இருந்தது என்றார். அவர் எனக்கு வாங்கித் தந்த விளையாட்டுச் சாமான் அது ஒன்றுதான்.

என்னைவிட இரண்டு வயது பெரியவனான என் பெரியப்பா மகனிடம் ஒரு நீலக் கார் இருந்தது. இரண்டு வாரமாக நானே ஜெயித்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தது காரின் கனம். நானோ என் கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு வாய் நீளம், இன்றைக்கும் அப்படித்தான். ஒருநாள் அவன் பொறுக்கமாட்டாமல், மூன்று ஓட்டம் வைத்துக்கொள்ளலாம், ஜெயித்தவருக்கு இரண்டு காரும் என்றான். யோசிக்காமல் சரி என்றேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை என்று முடிவானது. நைனாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று நைனா டிராக்டரைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் போன என் கையில் காரைப் பார்த்ததும், அதுவும் வண்டிதானே என்று வாங்கிக்கொண்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. டிராக்டரின் மூக்கில் மூன்று விரலால் பட்டை போட்டவர், காருக்குச் சுண்டுவிரல் நுனியால் பொட்டு வைத்தார். பிறகு நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக, தாராளமாக. டிராக்டர் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், என் கார் சக்கரங்களுக்கு நான்கு சுண்டைக்காய். கற்பூரம் காட்டி முடித்ததும் டிராக்டரை நகர்த்திப் பழங்களை நசுக்கிவிட்டு இறங்கி வந்து, அதே முகத்தோடு காரையும் ஒரு விரலால் நகர்த்திச் சுண்டைக்காய்களை நசுக்கினார். அவர் அப்படி என்னோடு விளையாடி நான் பார்த்ததில்லை. அது விளையாட்டா பக்தியா என்றும் எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. காலையில் நான் எழுந்தபோது நைனா டிராக்டரை எடுத்துக்கொண்டு உழவுக்குப் போய்விட்டிருந்தார். காரை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். விரலால் சுற்றிப் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. சந்தனம் அச்சுக்குள் இறங்கிக் காய்ந்து இறுகியிருந்தது.

பெரியப்பா மகன் வாங்கிப் பார்த்தான். அவன் நல்லவன், அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"சந்தனம் காஞ்சி போயிக்கீது. ஏரித் தண்ணில கழுவிக்கினு வா, நான் நிக்கிறேன்" என்றான்.

கழுவினால் ஒரு நிமிஷ வேலை. எனக்கு மனசு வரவில்லை. சாமிக்குப் பயந்தேன் என்று சொன்னால் பொய். நைனா சுண்டுவிரலால் வைத்ததை நான் எப்படிக் கழுவுவேன்? கழுவமாட்டேன், இப்படியே ஓடும் என்றேன்.

முதல் ஓட்டத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. இரண்டாவதில் களிமண் இணைப்பு வரைகூடப் போகவில்லை. வேண்டாம், பந்தயத்தை விட்டுவிடலாம் என்று அவனே சொன்னான். அதற்கும் ரோஷம் வந்தது எனக்கு. மூன்றாவதும் தோற்று, சந்தனப் பொட்டோடு காரை அவன் கையில் வைத்துவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. நைனா கேட்டால் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு பெரிய விஷயம் இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்து, சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டே கார் எங்கே என்று கேட்டார். பந்தயத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நீ வைத்த சந்தனத்தைக் கழுவ மாட்டேன் என்றுவிட்டேன் நைனா என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர் கையில் சொம்போடு என்னையே பார்த்தார்.

"கழுவிட்டு வுட வேண்டியதுதானே கண்ணு" என்றார். "காலைல வண்டி எடுக்கறப்போ நானே பிரேக்குல இருந்த சந்தனத்தத் தொடச்சிட்டுதான் எடுத்தேன். கால் வழுக்குச்சின்னா இன்னா பண்றது?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சந்தனம் எனக்கு மட்டும்தான் அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது. கார் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த முறை காஞ்சிபுரம் போகும்போது இதைவிடக் கனமாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று நைனா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.