சகலை விற்ற அறுவடை இயந்திரம்

ஊரார் அவருக்கு வைத்த பெயர் நோட்டக்காரர். அடுத்தவர் வாசலைத் தாண்டும்போதே உள்ளே புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார். அதிலும் சகலை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மனைவியின் அக்காள் கணவரான அந்தச் சகலை, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவர், புது அறுவடை இயந்திரம் வாங்கிவிட்டார். கேள்விப்பட்ட அன்று நோட்டக்காரருக்கு வயிறு எரிந்தது, வேறு எப்படிச் சொல்வது?

பழைய இயந்திரத்தைச் சகலை முதலில் இவருக்குத்தான் தர வந்தார். ஓட்டை உடைசலை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளிவிட்டு இவர் மறுத்துவிட்டார். அது பழைய இயந்திரங்களை விற்கும் தரகரின் கொட்டகைக்குப் போனது.

பன்னிரண்டு வருடமாக இவருடைய பதினைந்து ஏக்கரையும் அறுத்துக் கொடுத்தது அதே இயந்திரம்தான். கூலிக்கு ஊரெல்லாம் ஓட்டி முடித்துவிட்டு, போனால் போகிறது என்று நம்மிடம் வருகிறார் என்றே இவர் நினைத்திருந்தார். இந்த வருடமும் கதிர் முற்றிவிட்டது, பத்து நாளில் அறுத்தாக வேண்டும். இனி அந்த மனிதரின் தயவு வேண்டாம், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

அங்கே நின்றவை மூன்றே மூன்று. முதலாவது பளபளத்தது. மெக்கானிக் சாவியால் சுரண்டினார், புதுப் பெயின்ட்டுக்கு அடியில் தானியத் தொட்டி துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. இரண்டாவதை முடுக்கியதும் கதிரடிக்கும் உருளை கடகடவென்று ஆடியது. மூன்றாவது சகலையுடையது. அதற்கு நோட்டக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இதுல ஒரு குறையும் இல்லையே," என்றார் மெக்கானிக், அதைக் குடைந்து பார்த்துவிட்டு.

குறை இல்லாமல் எப்படி இருக்கும் என்று நோட்டக்காரர் தானே ஏறினார். கதவின் உட்புறத்தில், வயல்களை அறுத்த வரிசை சகலையின் கையெழுத்தில் பென்சிலால் வருடவாரியாக எழுதியிருந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் வரி 'தம்பி வயல்', அடுத்தது 'நம்ம வயல்', கூலி வயல்கள் அதற்கும் கீழே. தம்பி என்று சகலை கூப்பிடுவது இவரைத்தான். பன்னிரண்டு வருடமும் அந்த வரிசை மாறவில்லை.

நான்காம் வருடத்தில் இப்படி இருந்தது: 'தம்பி வயல் முடிஞ்சது. மறுநாள் மழை. நம்ம வயல் பாதி போச்சு.'

நோட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு துக்கம் விசாரித்துவிட்டு வந்து, கூலிக்கு ஆசைப்பட்டவருக்கு நன்றாக வேண்டும் என்று வீட்டில் இன்னொரு தட்டு சாப்பிட்டவர் இவர். இப்போது அது அப்படியே நெஞ்சில் வந்து நின்றது.

"என்னங்க, ஏதாவது குறை தெரியுதா?"

"இல்ல." சகலையின் பொருளைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அதையே வாங்கினார். பதிலுக்கு ஒரு வருடமாவது சகலை வயலை முதலில் அறுத்துக் கொடுக்கலாம் என்றால், அவரிடம்தான் புதிது இருக்கிறதே! சாயங்காலம் தொலைபேசியில், "அண்ணே, உங்க பழைய வண்டிய நான்தான் வாங்கியிருக்கேன்," என்றார்.

"ரொம்ப நல்லது தம்பி," என்றார் சகலை. "இனிமே எனக்காக நீ காத்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

தம்பி வயலை முதலில் அறுத்ததை இப்போதும் அவர் சொல்லிக் காட்டவில்லை. நோட்டக்காரருக்குப் பொறாமை வந்தது. புது இயந்திரத்தைக் கேள்விப்பட்ட அன்று வந்ததைவிட அது பெரியது.