கலீல் பாய் தொடாத சிலிண்டர்கள்

கலீல் ரஹ்மான் பயந்த மனிதர். இப்படிச் சொன்னால் அவர் மனைவி வஜீதா என்மேல் கோபித்துக்கொள்வார். ஆனாலும் உண்மை அதுதான். கல்யாண வீட்டுக்குப் போனால் அடுப்பு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். திருவண்ணாமலைத் தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்யும் மேஜையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவன் நான். பதறிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் பயப்படுவதற்கே சம்பளம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

வேலை இதுதான். கடலோரத்தில் ஒரு அணுமின் நிலையம். அதைச் சுற்றி இத்தனை மைலுக்குள் யார் யார் என்னென்ன விஷவாயு வைத்திருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் எண்ணி எழுதவேண்டும். குடிநீருக்குக் குளோரின் வைத்திருப்பவர்கள், மீனுக்கு ஐஸ் போடுகிறவர்கள் எல்லாரும் அவருடைய பட்டியலில் உண்டு. ஐஸ் பேக்டரியில் அமோனியா இருக்கும். அது கசிந்து காற்றோடு வந்தால், நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் கண்ணைத் திறக்க முடியாது, மூச்சு விட முடியாது. அவர்கள் எழுந்து ஓடினால் அணு உலையைக் கவனிக்க ஆள் இல்லை. ஆகவே ஒரு இடத்தில் நாலு சிலிண்டருக்கு மேல் நிரம்பியிருந்தால் உடனே தகவல் தரவேண்டும். கட்டுப்பாட்டு அறையின் காற்று வழியை மூடத் தயாராக வைப்பார்கள், முகமூடிகளை எடுத்து வைப்பார்கள்.

பத்து வருஷமாகத் தற்காலிக உத்தியோகம். எண்பத்தைந்து ஜனவரியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. வஜீதா அதை நம்பித்தான் பெண்ணின் கல்யாணத்துக்கு மாசி மாதம் நாள் குறித்திருந்தார்.

நிரம்பியது எது, காலி எது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. பேக்டரி ஆட்கள் காலி சிலிண்டரில் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுவைப்பார்கள். கலீல் அதை நம்பமாட்டார். ஒவ்வொன்றையும் கழுத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்துப் பார்ப்பார். காலி என்றால் கை சொல்லிவிடும்.

எண்பத்துநாலு அக்டோபரில் நிலையத்துக்கு வடக்கே இருந்த ஒரு ஐஸ் பேக்டரிக்கு அவர் போனது ஆயுத பூஜைக்கு மறுநாள். பன்னிரண்டு சிலிண்டர்களும் பளபளவென்று கழுவி, சந்தனம் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, வரிசையாக நின்றன. சுண்ணக்கட்டிக் குறி ஒன்றுகூட இல்லை. கழுவியதில் போய்விட்டது. மேஸ்திரி முருகையன் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். வாட்ச்மேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கலீல் கையை நீட்டினார். நீட்டியவர் இழுத்துக்கொண்டார். பூஜை போட்ட சாமான். நம் கை பட்டுக் குங்குமம் கலைந்தால், யாராவது பார்த்து மனசு வருத்தப்பட்டால்? போன தடவை இரண்டு நிரம்பியிருந்தது. இந்தத் தடவையும் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் போபால் விஷவாயுச் செய்தி வந்தது. அதே வாரம் எங்கள் ஊரில் கார்த்திகை தீபம். கலீல் லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். பேப்பரில் வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களின் படத்தைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு என்று எழுதினேனே, அது இரண்டுதானா? வடக்கே பேக்டரி, தெற்கே நிலையம். கார்த்திகை மாதத்து வாடைக்காற்று நேராக அங்கேதானே போகும்?

முருகையனின் ஊர் கீழ்பென்னாத்தூர். தீபத்துக்கு நிச்சயம் வந்திருப்பார். தீபத்தன்று காலையில் கலீல் பஸ் ஏறினார். ஊருக்குள் வரும் பஸ்களில் ஜனம் கூரை மேலெல்லாம் உட்கார்ந்திருந்தது. இவர் ஏறிய பஸ்ஸில் நாலே பேர்.

"ஊரே உள்ள வருது, நீங்க மட்டும் வெளிய போறீங்களே பாய்?" என்று கண்டக்டர் சிரித்தான். இவருக்குச் சிரிப்பு வரவில்லை.

முருகையன் மலைக்குக் கிளம்பக் குடும்பத்தோடு வாசலில் நின்றிருந்தார்.

"அக்டோபர்ல ரொம்பியிருந்தது எத்தினி மேஸ்திரி?"

"ஒம்போது. மீனு ஜாஸ்தி வருதுன்னு மொதலாளி எறக்கிட்டாரு. ஏன் பாய், நீங்கதான் சாய்ச்சுப் பாத்திருப்பீங்களே?"

"பாக்கல. பொட்டு வச்சிருந்துச்சு. நான் கை வச்சா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

முருகையன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அட போங்க பாய்! கழுவிப் பொட்டு வச்சதே நம்ம ஜானி பாஷாதான். மூணு வருசமா அவன்தான் வைக்கிறான். அவனுக்குத்தான் பொட்டு வரிசையா வரும்."

கலீல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப எத்தினி இருக்கு?"

"ஏழு இருக்கும். அதுல ஒண்ணு வால்வுல கசியுது. ஈரச் சாக்கு சுத்தி வச்சிருக்கோம். ஒண்ணும் ஆவாது."

திரும்புகிற பஸ் எதுவும் நிற்கவில்லை. பாதி தூரம் நடந்து, மீதி தூரம் ஒரு டெம்போவில் தொங்கிக்கொண்டு, மத்தியானம் தபாலாபீசுக்கு வந்து சேர்ந்தார். தீப வாரத்தில் எனக்கு மனுஷ முகத்தையே பார்க்கப் பிடிக்காது. ஜன்னலுக்கு முன்னால் அறுபது பேர். எல்லார் நெற்றியிலும் விபூதி, எல்லாருக்கும் அவசரம். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "அருணகிரி, நிலையத்துக்கு அர்ஜெண்ட் கால் போடு" என்றார். என்ன கோளாறோ என்று எனக்கே கலக்கமாகிவிட்டது. போட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார்.

லைன் கிடைத்தது. அந்தக் காலத்து டிரங்க் காலில் கத்தினால்தான் கேட்கும்.

"வேணு சார்! கலீல் பேசறேன்! ஐஸ் பேக்டரி கணக்கு தப்பு சார்! ரெண்டு இல்ல, ஒம்போது! இப்ப ஏழு இருக்கு! ஒண்ணு கசியுது!"

தபாலாபீஸ் முழுக்க அடங்கிப்போயிற்று. அந்தப் பக்கத்தில் நிலையத்து இன்ஜினியர் வேணு என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கணக்கு எப்படித் தப்பாயிற்று என்றுதான் கேட்டிருப்பார். கலீல் ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் ரிசீவரில் கத்தினார்.

"சோம்பல் சார்! தொட்டுப் பாக்காம எழுதிட்டேன்!"

எவனோ ஒருவன் சிரித்தான். அறுபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மலையில் தீபம் ஏறும்போது, அங்கே பேக்டரிக்கு ஆட்கள் போய்க் கசிந்த சிலிண்டரை அப்புறப்படுத்தியிருந்தார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. அவருடைய பைலில் மட்டும் 'சோம்பல் காரணமாகப் பொய்க் கணக்கு' என்று ஏறிற்று. ஜனவரி போய், நிரந்தரம் ஆக இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த மாசியில் பெண்ணின் கல்யாணம் நடக்கவில்லை. வஜீதா ஒருநாள் தபால் கவர் வாங்க என் ஜன்னலில் வந்து நின்று, "அண்ணே, அவரு சோம்பேறியா? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். நான் கவர் எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எண்பத்தேழில் நிரந்தர ஆர்டர் வந்த அன்று கலீல் மிட்டாயோடு வந்தார். "என்ன பாய், சோம்பல் தெளிஞ்சுதா?" என்றேன், நாக்கு சும்மா இராமல். அன்றைக்குத்தான் பொட்டு, பாஷா, எல்லாவற்றையும் சொன்னார்.

"இதை அன்னைக்கே அந்த இன்ஜினியருக்குச் சொல்லித் தொலைக்கறதுதானே?" எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"அத்தினி பேரு சாமி கும்பிட வந்து நிக்கறாங்க அருணகிரி. பூஜையாலதான் தப்பு நடந்துச்சுன்னு அவங்க காதுல விழற மாதிரி நான் கத்தறதா?"

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். வஜீதா வீட்டில்தானே இருப்பார் என்று கேட்டேன்.