பாலத்துக்கு ஒரு வணக்கம் பாக்கி

போன கோடை முழுக்க போர்ட் எரினில் ஒரே பேச்சு. பஸ் ஓட்டுகிற பிரீஷி கின்விக், தேவதைப் பாலத்தின் மேல் வேண்டுமென்றே பிரேக்கைத் தட்டினாளாம், அதுவும் ஒரு பூனைக்காக. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கிற மேன் தீவில் இது லேசான குற்றச்சாட்டு அல்ல. அந்தப் பாலத்தைத் தாண்டும்போது கீழே குடியிருக்கும் குட்டித் தேவதைகளுக்கு, ஊர்ப்பேச்சில் ‘அவங்களுக்கு’, வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கெட்ட காலம் பிடிக்கும்; அவர்களை வைத்து விளையாடக் கூடாது. சரி, நடந்தது என்ன என்று அன்று பஸ்ஸில் இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை. தட்டினாள் என்கிறார் ஒருவர். ரோட்டில் குழி என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் தூங்கிவிட்டாராம். ஆனால் தூக்கத்திலேயே வணக்கம் சொன்னதாகச் சத்தியம் செய்கிறார்.

எல்லாரும் ஒப்புக்கொள்கிற பகுதி இதுதான்.

பிரீஷிக்கு வயது அறுபதை நெருங்குகிறது. டக்ளசுக்கும் போர்ட் எரினுக்கும் நடுவே பஸ் ஓட்டியே பாதி ஆயுள் போனது. மழையில் யாராவது நின்றால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வாள். ஏறியவர் ஈரக் குடையைச் சீட்டில் வைத்தால், ஏன் ஏற்றினோம் என்று அடுத்த ஊர் வரை புலம்புவாள். பூனை இல்லாமல் அவள் வாழ்ந்ததில்லை. ஆனால் ஒரு பூனையைக்கூட அவள் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை. சின்ன வயதில் இருந்தது அப்பாவின் பூனை. பிறகு வந்தது கணவனின் பூனை. கணவன் ஒரேயடியாக லிவர்பூலுக்குக் கப்பலேறியபோது அதையும் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். துறைமுகத்தில் பிரீஷி அழுதது நிஜம். இருவரில் யாருக்காக என்று கேட்கிற துணிச்சல்தான் ஊரில் யாருக்கும் வரவில்லை.

எனவே இந்த முறை பூனையை அவளே தேர்ந்தெடுப்பாள். அதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

டக்ளசில் பூனை வளர்க்கும் வோயரி கிளேக் வீட்டில் இரண்டு குட்டிகள் மீதி இருந்தன. ஒரே தாய், ஒரே ஈற்று, இரண்டுக்கும் வால் கிடையாது. கருப்புக் குட்டிக்கு வழவழவென்று குட்டை முடி. இந்தத் தீவின் பெயரால் ஊர் உலகம் அறிந்த மேங்க்ஸ் பூனை அதுதான். செம்பட்டைக் குட்டியோ, கம்பளி மூட்டைக்குக் கால் முளைத்தது போல இருந்தது. முடி நீண்டுவிட்டால் அதற்கு ஜாதியே வேறு: சிம்ரிக். ‘வேல்ஸ் நாட்டது’ என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் கனடாக்காரர்கள். வேல்ஸுக்கும் அந்தக் குட்டிக்கும் ஸ்நானப் பிராப்திகூட இல்லை. பிரீஷி எடுக்காத குட்டி சனிக்கிழமைக் கப்பலில் அக்கரைக்குப் போகும், இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு.

துணைக்கு வந்திருந்தார் பக்கத்து வீட்டு ஃபின்லோ ஸ்கிலிகார்ன். தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது தீவின் மானத்தைக் காக்கிறார், சம்பளம் இல்லாமல்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு பிரீஷி? கருப்பனத் தூக்கு. அது நம்ம பூனை. இந்தச் சடையன உள்ள விட்டா நாளைக்கு வேல்ஸ் பாட்டுப் பாடும்.”

“ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுய்யா.”

“நானும் என் தம்பியும்கூட ஒரே வயித்துலதான் பொறந்தோம். அவன் மான்செஸ்டர்ல போயி பீட்சா விக்கிறான்.”

வோயரி குறுக்கிட்டாள். “சடையனுக்குத் தெனமும் முடி சீவிவிடணும். கருப்பனுக்கு ஒரு தடவு தடவினாப் போதும். அவ்வளவுதான் வித்தியாசம். பேச்ச விட்டுட்டு ஒண்ண எடுங்க, எனக்கு அடுப்புல மீன் கெடக்கு.”

இதற்குள் சடையன் பிரீஷியின் கம்பளித் தொப்பிக்குள் ஏறிப் படுத்துவிட்டது. அவள் மனசு அந்த நிமிஷமே அதன் மேல் விழுந்துவிட்டது. வாயால் சொல்லத்தான் முடியவில்லை. சொன்னால் ஓய்வு பெறும் நாள் வரை டிப்போவில் அவள் பெயர் ‘வேல்ஸ்காரி’. அதற்காகக் கருப்பனைத் தூக்கினாலோ, மறுபடியும் அடுத்தவன் சொன்ன பூனை.

“சரி, பாலம் சொல்லட்டும்” என்றாள். “ரெண்டையும் பஸ்ல கொண்டு போறேன். பாலத்துல எது வணக்கம் சொல்லுதோ அதுதான் நம்மூர்ப் பூனை. அது எனக்கு.”

“சொல்லாதது?”

“கப்பலேறட்டும். பாலத்துல வாயத் தொறக்காதவன் அக்கரைக்காரன்தான்னு நீதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியற?”

ஃபின்லோ இரண்டு குட்டிகளையும் ஒரு கூடையில் போட்டு மூடினார். “கூடை என் மடியிலதான் இருக்கும். உன்ன நம்ப முடியாது” என்றார்.

மத்தியான பஸ். பாலம் வந்தது. “வணக்கம்ங்க” என்றது பஸ் மொத்தமும். அப்போதுதான் அந்தக் குலுக்கல். கூடைக்குள்ளிருந்து நீளமாக ஒரு மியாவ். ஃபின்லோ மூடியைத் திறந்தார். சடையன் எழுந்து நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கருப்பன் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

“பிரேக்கத் தட்டுனடி நீ!”

“ரோட்டக் கேளு.”

பின் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் தீர்ப்புச் சொன்னார். “குலுக்குனா ரெண்டும்ல கத்தணும்? மரியாத தெரிஞ்சது கத்துச்சு.”

இதைப் பற்றி இன்றைக்குப் பிரீஷியிடம் கேட்டால், எதிரே வண்டியே இல்லாத ரோட்டில் ஹாரன் அடிக்கிறாள்.

போர்ட் எரினில் சடையனைத் தொப்பியில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: “ஃபின்லோ, கருப்பன சனிக்கெழம கப்பல் ஏத்திரு.”

“நானா?”

“பின்ன? உன் மடியிலதான இருக்கு. அக்மார்க் மேங்க்ஸ் பூனை. உன் கையாலயே அக்கரைக்கு அனுப்பிவை.”

பஸ்ஸே அவரைப் பார்த்தது. கருப்பன் கண் விழித்து அவருடைய கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. “மழை வரும் போலருக்கு” என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஃபின்லோ கூடையோடு இறங்கி நேரே வீட்டுக்கு நடந்தார். அக்கரைக்காரர்களுக்கு வோயரி வேறு பூனை தேடினாள்.

அதற்குப் பிறகுதான் ஃபின்லோவுக்குக் கெட்ட காலம் பிடித்தது. வறுக்கப் போட்ட புகைமீன் கரிந்தது. காற்று தோட்டத்துக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவருடைய தொப்பி கடலில் விழுந்தது.

“அது ஒண்ணுமில்லய்யா” என்றாள் பிரீஷி, மடியில் சடையனைச் சீவியபடி. “உன் பூனை அவங்களுக்கு ஒரு வணக்கம் பாக்கி வெச்சிருக்கு.”

“மூடநம்பிக்கை” என்றார் ஃபின்லோ.

இப்போது ஞாயிறுதோறும் ‘ரொட்டி வாங்க’ அவளுடைய பஸ்ஸில் டக்ளசுக்குப் போகிறார், மடியில் கூடையோடு. போர்ட் எரினிலேயே ரொட்டிக் கடை இருக்கிறது. பாலம் வந்ததும் கூடை ஆடும்.

“ஏய், குலுக்காத!”

“ரோடு குலுக்குது.”

போன ஞாயிறு கருப்பன் ஒரு கண்ணைத் திறந்தது. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாய் அகலமாகத் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“பாத்தியா! சொல்லிருச்சு!”

“அது கொட்டாவி” என்றாள் பிரீஷி, கண்ணாடியில் பார்த்து. “கொட்டாவியெல்லாம் அவங்க வரவு வெக்க மாட்டாங்க.”