மொட்டை மாடியில் விரித்த படகுப் பாய்

அந்தப் படகுப் பாயின் ஒரு மூலையில் அம்மாவின் நீலப் புடவைத் துண்டு ஒட்டுப் போடப்பட்டிருந்தது. மற்ற ஒட்டுகள் எல்லாம் மாவு மூட்டைத் துணி. எண்ணூர்க் குப்பத்தில் இருந்த என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின நாள் அந்தப் பாயை விரித்துக் கடல் வழியாகவே ராயபுரத்துக்கு வருவார். படகில் மோட்டாரும் உண்டு. ஆனால் டிசம்பரில் வாடைக் காற்று தெற்கே தள்ளும். "காத்து சும்மா வந்துகினு கீது. அத்த வுட்டுட்டு எவனாச்சும் டீசல் ஊத்துவானா?" என்பார். திரும்பிப் போகும்போதுதான் மோட்டார்.

அரைப் பரீட்சை முடிந்த அன்றே நான் எண்ணூருக்கு ஓடிவிடுவேன், அந்தப் படகில் வீடு திரும்புவதற்காகவே. பஸ்ஸில் வந்தால் கன்டெய்னர் லாரிகளைத் தவிர எதுவும் கண்ணில் படாது. கடலில் வந்தால் ஊரே தெரியும். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் போகும். திருவொற்றியூர்க் கரையில் கொட்டிய கருங்கற்கள் வரும். பிறகு துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் மாதா கோயில் கோபுரம். கோபுரத்தைப் பார்த்ததும் மாமா தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். "தோ பாரு, உங்கூரு வந்துடுச்சி" என்று, ஏதோ அவரே கட்டிக் கொடுத்த ஊர் போலச் சொல்வார். அந்த இரண்டு மணி நேரமும் நான் ராணிதான்.

காசிமேட்டில் இறங்கியதும் பாயைக் கரையில் விட்டு வர மாட்டார். மூங்கிலோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியே சொட்டச் சொட்ட நடப்பார். மறுநாள் காலை அது எங்கள் மொட்டை மாடியில் பந்தலாகும். அதன் நிழலில்தான் கிறிஸ்துமஸ் பிரியாணி. கடைசி முடிச்சைப் போடும்வரை அம்மா அரிசியைப் போட மாட்டாள். கீழேயிருந்து "கட்டியாச்சா?" என்று நாலு தடவையாவது கத்துவாள். மீன் நாற்றமும் உப்பும் பிரியாணி வாசனையும் கலந்து அடிக்கும். எங்களுக்குப் பண்டிகை என்றால் அந்த வாசனைதான்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் என் புத்தி கெட்டது. தோழிகள் நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பாய்க்குக் கீழே உட்கார்ந்ததும் ஒருத்தி கைக்குட்டையை மூக்கருகே கொண்டு போனாள், அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அவர்கள் போனதும் மாமாவிடம், "அடுத்த வருஷம் பஸ்ல வந்துடு மாமா. இந்த நாத்தம் புடிச்சதத் தூக்கினு வராத" என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "சரி கண்ணு" என்றார். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம்.

அடுத்த வருடம் பஸ்ஸில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேக் பெட்டி. நாற்காலி நுனியில் விருந்தாளியாக உட்கார்ந்தார். மாடியில் வெயில் என்று கீழே அறைக்குள் நெருக்கியடித்துச் சாப்பிட்டோம். முன்பெல்லாம் புத்தாண்டு வரை இருப்பவர், கை கழுவியதும் கிளம்பிவிட்டார். அதன் பிறகு எல்லா வருடமும் அப்படித்தான். எனக்கு ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை கிடைத்தது. எந்தக் கப்பல் எப்போது வரும் என்று ஊருக்கே சொல்கிறவளுக்கு, "பாயோட வா மாமா" என்று ஒரு போன் போட வாய் வரவில்லை. முதலில் பாயை நினைத்து வெட்கப்பட்டேன், பிறகு என்னை நினைத்து.

போன டிசம்பரில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "மாடில துன்னு எவ்ளோ வருசமாச்சி. வாணான்னு சொன்னது நீதான? நீயே கூப்புடு." அவளுக்குத் தெரியாது என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றே போன் செய்தேன். "பாயோட வா மாமா" என்றேன். "முட்டி புடிச்சிகிச்சி கண்ணு. கடலுக்குப் போறதே இல்ல. பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தேன். பெரிய மூட்டையோடு பின்படியில் இறங்கினார்.

"மூங்கில் எங்க மாமா?"

"ஏத்தவே மாட்டேன்னுட்டான் கண்டக்டரு. இந்தப் பாயிக்கே பேஜாரு பண்ணிட்டான்."

மூட்டையை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டேன். இவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"குடு கண்ணு. துணியெல்லாம் நாறும்."

"நாறட்டும் மாமா."

வாசல்களில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நடுத்தெருவிலேயே நடந்தேன். மாமா பின்னால் நொண்டிக்கொண்டே, "ஆட்டோ வருது, ஓரமா வுடு" என்று படகு ஓட்டுவது போலவே என்னை ஓட்டினார்.

மறுநாள் காலை, மூங்கிலுக்குப் பதில் துணி காயப்போடும் கம்பிகளில் பாயை இழுத்துக் கட்டினோம். கடைசியாக மிஞ்சியது நீல ஒட்டுப் போட்ட மூலை. நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. மாமா கயிற்று நுனியை என்னிடம் நீட்டினார். முடிச்சுப் போட்டேன்.

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "கட்டியாச்சா?"

எப்போதும் பதில் சொல்கிற மாமா, நீயே சொல் என்பது போல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கட்டியாச்சும்மா" என்றேன். "அரிசியப் போடு."