முகத்தோடு ஒட்டிய கேமரா

என் மனைவி போட்டோகிராபர். இந்த வரியை எழுதும்போது பேனா சற்று அழுத்தமாகவே ஓடுகிறது. கொஞ்ச காலம் முன்புவரை அவள் போட்டோ எடுப்பதில் ஆசையுள்ளவள், அவ்வளவுதான்.

திருத்தணி மலைமேல் மொட்டை போடவும் காது குத்தவும் வருகிற சொந்தக்காரர்களை அவள் பல வருடங்களாகத் தன் போனில் எடுத்துக் கொடுத்துவந்தாள். மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை வீறிடுவதற்கு ஒரு நொடி முன்பு, ஆசாரியின் கையை அது வேடிக்கை பார்க்கும். அந்த நொடி அவளுக்கு எப்படியோ கிடைத்துவிடும். படங்கள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போயின. அப்படிப் பார்த்துத்தான் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஓர் அம்மாள் திருத்தணியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நெசவுக் குடும்பம். மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள்.

"எம் பொண்ணு ஆம்பள போட்டோக்காரரே வேணாம்னு சொல்லிகினு இருக்குதும்மா. கல்யாணத்துல ஒருத்தர் வந்தாரு. தலையத் தூக்கு, சிரி, இன்னொரு தபா சிரின்னு மோவாயப் புடிச்சுப் புடிச்சுத் திருப்பினாரு. அந்த ஆல்பத்த அது இன்னிக்கி வரைக்கும் தொறந்து பாக்கல. பொம்பள நீங்க வந்தீங்கன்னா உக்கார்றேன்னு சொல்லுது" என்றார். பிறகு தயங்கி, "ஆனா போன்ல வேணாம்மா. பெரிய ஆல்பமா போடணும்னு மாப்ள வூட்ல சொல்லிட்டாங்க. கேமரா வெச்சிருக்கீங்க இல்ல?" என்று கேட்டார்.

"ஆங், இருக்குது" என்றாள் என் மனைவி.

இல்லை. அவரை பஸ் ஏற்றிவிட்டோம். திரும்பி நடக்கும்போது கேட்டேன். "எப்ப வாங்கின?"

"இந்த வாரம் வாங்கப் போறோமே, அப்ப" என்றாள்.

ஒரு வளைகாப்பை இரண்டாம் முறை நடத்திப் படம் எடுக்க முடியாது. ஏற்கெனவே ஓர் ஆல்பத்தை மூடி வைத்திருக்கிற பெண் இரண்டாவதையும் மூடிவிட்டால், அந்தப் பேச்சு தறிக்குத் தறி தாவி ஊர் முழுவதும் போய்ச் சேரும். என் மனைவியை நம்பி வந்த முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும். அவளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் "இருக்குது" என்று சொன்னாள்.

நான் அரக்கோணத்தில் ரயில்வேயில் எழுத்தர். ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் கேமரா பழுது பார்க்கிற பாய் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். கல்யாண போட்டோகிராபர்கள் எல்லோரும் மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராவுக்குப் போய்விட்டதால், அவர்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் அவர் அலமாரியில் அடுக்கி இருந்தன. நான் நிலைமையைச் சொன்னதும் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரே கம்பெனி. ஒரே லென்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். படத்தின் அளவும் ஒன்றுதான். ஒன்றில் பின்பக்கத் திரை உடம்போடு பதிந்திருந்தது. மற்றதில் அது ஜன்னல் கதவு போல வெளியே திறந்து, சுழன்று, வேண்டுமானால் முகத்தை உள்பக்கம் திருப்பி மூடியும் கொண்டது. கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

"ரெண்டும் அண்ணன் தம்பி சார். எது ஒசத்தின்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டையும் எடுத்துகினு போங்க. ஒண்ணு எனக்குத் திரும்பி வந்துட்டா போதும்" என்றார்.

வேண்டிய அளவு நேரமும் ஒரு காகிதமும் கிடைத்தால் எந்த முடிவையும் சரியாக எடுத்துவிடலாம் என்று நம்புகிறவன் நான். மொட்டைமாடியில் மூன்றுகால் ஸ்டாண்டை நிறுத்தி, ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பொருத்தி, எதிர்வீட்டுப் பூசாத செங்கல் சுவரை எடுத்தேன். நாள்காட்டியின் சிறிய எழுத்துகளை எடுத்தேன். குத்துவிளக்கை வெயிலிலும் நிழலிலும் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கல்லுக்குச் செங்கல் ஒன்றாகவே இருந்தது. கடைசியில் ஓர் அட்டவணை போட்டு, திரை பதிந்த கேமராவை அதில் மேலே வைத்தேன். அதன் உடம்பு உறுதி. பேட்டரி சற்று அதிக நேரம் தாங்கியது. மற்றதில் கீல் இருக்கிறது, கீல் என்றாலே என்றாவது ஒருநாள் ஆடும். இதுதான் என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைக்குப் போனோம். கோயிலுக்கு வெளியே, மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வருகிற குடும்பங்களிடம் கேட்டுக்கொண்டு, அவள் இரண்டு கேமராவிலும் மாறி மாறி எடுத்தாள். சந்தனத் தலைகள் வெயிலில் பளபளத்தன. யாரும் மறுக்கவில்லை. ஓர் ஆள் மட்டும், "எம் மண்டைய எடுத்து இன்னாம்மா பண்ணப் போற, பேப்பர்ல போடுவியா?" என்றார். "நல்லா வந்தா போடறேன்" என்றாள். அவர் உடனே துண்டை உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்ததும் என் கணக்கு தலைகீழானது. கதவுத் திரை உள்ள கேமராவில் அவள் எடுத்தவை எல்லாம் கூர்மையாக, நேராக இருந்தன. நான் மேலே வைத்த கேமராவில் பாதிக்குமேல் ஆடியிருந்தன. ஒருபக்கம் சாய்ந்திருந்தன. ஒரு படத்தில் மண்டபத் தூண் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைப் போல நின்றது. கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை வாங்கி நானே எடுத்தேன். அப்பழுக்கில்லை. அவளிடம் கொடுத்தேன். மறுபடியும் ஆட்டம்.

அதன்பிறகுதான் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று அவளைப் பார்த்தேன். கேமராவைக் கண்ணில் ஒட்டாமல் ஒரு விரற்கடை தள்ளியே பிடித்திருந்தாள். புருவத்தில் ஒட்டி நின்றால்தான் கேமரா ஆடாது. இது எவருக்கும் தெரிந்த பாடம்.

"ஏன் மூஞ்சியத் தள்ளி வெச்சிகினு இருக்க?" என்றேன்.

"கோடு விழுந்தா பாய்க்கு யாருங்க பதில் சொல்றது?" என்றாள்.

அவளுடைய அம்மா வீடு நகரிப் பக்கம். அந்தப் பக்கத்து வழக்கப்படி இரண்டு மூக்கிலும் குத்தியிருக்கிறாள். வலதுபக்கம் ஏழு வைரக்கல் வைத்த பேசரி மூக்குத்தி, நன்றாக எழும்பி நிற்கும். போதாததற்கு அவள் இடது கண்ணால் பார்க்கிறவள். இடது கண்ணை வைத்தால் மூக்கு நேராகத் திரையின் நடுவில் போய் உட்காரும். வைரம் கண்ணாடியை அறுக்கும். அடுத்தவர் பொருளில் கீறல் விழக் கூடாது என்று முகத்தை விலக்கியே வைத்திருந்தாள். மற்ற கேமராவிலோ, கையில் வாங்கிய உடனேயே திரையை உள்பக்கம் திருப்பி அலமாரிக் கதவைச் சாத்துவது போலச் சாத்திவிட்டாள். வெறும் பிளாஸ்டிக் முதுகு. முகத்தை நன்றாக அழுத்திப் படம் எடுத்திருக்கிறாள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்க கேட்டீங்க? செங்கல்லு எண்ணிகினு இருந்தீங்க."

அடுத்த நாள் அவளும் என்னோடு மின்சார ரயிலில் அரக்கோணம் வந்தாள். கடையில் விஷயத்தைச் சொன்னதும் பாய் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார். "இத்தினி வருஷம் யாவாரம் பண்றேன், இதுவரைக்கும் யாரும் இத சொன்னதில்லம்மா" என்றார். பிறகு, "போனுக்கு ஒட்டற மாரி கிளாஸ் ஒட்டிக் கொடுத்துடறேன். கீறல் விழாது" என்று திரை பதிந்த கேமராவில் தாமே ஒட்டியும் கொடுத்தார். அவள் கண்ணில் வைத்துப் பார்த்தாள். பேசரி கிளாஸில் பட்டு டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு முறை. மறுபடியும் டிக்.

கடையில் நின்றிருந்த, கல்யாண போட்டோ எடுக்கிற ஒரு பையன் சிரித்துவிட்டு, "வேல நேரத்துல கழட்டி வெச்சிடுங்கக்கா, சிம்பிள்" என்றான்.

"வாசல்ல கழட்டி வெச்சிட்டு உள்ள போறதுக்கு இது இன்னா செருப்பாப்பா?" என்றாள். "வளைகாப்பு வூட்டுக்கு வெறும் மூக்கோட போயி நின்னா, போட்டோவ யாரும் பாக்க மாட்டாங்க. எம் மூஞ்சியத்தான் பாப்பாங்க. வூட்ல இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க."

அந்தப் பையன் காதைத் தொட்டுக் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டான். பாய் என்னைப் பார்த்தார். நான் போட்ட அட்டவணையை முந்தின வாரம் அவரிடமே பெருமையாகக் காட்டியிருந்தேன். "இன்னா சார், உங்க டேபிள் இன்னா சொல்லுது?"

"ஒரு வரி விட்டுப்போச்சு பாய்" என்றேன்.

அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிளாஸ் ஒட்டிய கேமராவை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு, கதவுத் திரைக் கேமராவைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் உறுதி என்றேன், பேட்டரி என்றேன். "எனக்குப் பயமில்லாம கண்ணு வெக்கணும். அதுக்கு மேல இன்னாங்க உறுதி?" என்றாள். பில் போடச் சொன்னேன்.

வளைகாப்பன்று பொதட்டூர்பேட்டை வீட்டில் தறியை நிறுத்திவிட்டிருந்தார்கள். பக்கத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் உள்ளே. ஆண்களுக்குத் தெருவில் பந்தல் போட்டு நாற்காலி. மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் பந்தலில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். அங்கிருந்து உள்ளே பாதி தெரிந்தது. காதில் முழுவதும் விழுந்தது.

விசேஷ வீடுகளில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு கிளிக் ஆனதும் பத்துப் பேர் கேமராவின் முதுகுப் பக்கம் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் கண் மூடிட்டேன், என் கழுத்து தெரியலை, இன்னொன்று எடு என்பார்கள். படத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் தன்னைப் பார்த்துப் பார்த்து இறுகிப் போவார். அந்தப் பெண்ணும் முதல் சில படங்களுக்கு மோவாயைத் தானே தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டது.

"காட்டுக்கா, எப்பிடி வந்துகீறேன்?" என்று கேட்டது.

"இதுல தெரியாதும்மா. மூடிக்கீது பாரு" என்று என் மனைவி கேமராவின் வெறும் முதுகைக் காட்டினாள். "எல்லாத்தையும் மொத்தமா பாத்துக்கலாம். நீ வளையலப் பாரு."

"இன்னாடி இது, கண்ணில்லாத கேமராவா?" என்றாள் ஓர் அத்தை. உள்ளே சிரிப்பு. அதன்பிறகு யாரும் எட்டிப் பார்க்க வரவில்லை. பார்க்க எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கேமராவையே மறந்துவிட்டது. சந்தனம் பூசுகிறவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்தது. "அத்தே, கன்னத்துல பூசு, கண்ணுல பூசாத. என்னக் கட்டின பாவா வந்து பாத்தா அடையாளம் தெரியாது."

நடுவில் என் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வளையல் போடச் சொன்னார்கள். கேமரா கழுத்தில் தொங்க, அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பச்சையும் சிவப்புமாக ஏற்றினாள். அதை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன், அது போதும்.

எனக்கு மட்டும் மனம் அடித்துக்கொண்டிருந்தது. அவளும் ஒரு படத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கலந்த சாதம் பரிமாறும்போது பேட்டரி கொடுக்கிற சாக்கில் வாசலுக்குக் கூப்பிட்டு, "ஒரு தடவ தொறந்து பாத்துடேன். ஏதாவது சரியில்லன்னா இப்பவே தெரிஞ்சிடும்" என்றேன்.

"எடுக்கும்போது கண்ண வெச்சிப் பாத்துகினுதானே இருந்தேன். பாத்ததத்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டோம். ஜன்னலுக்கு எதிரே எடுத்த சில படங்கள் இருண்டிருந்தன. ஒன்றில் யாரோ ஒருவருடைய முழங்கை மட்டும் இருந்தது. மற்றவை எல்லாம் அத்தனை அழகாக இருந்தன. இரண்டு கையும் வளையலால் நிறைந்து, கன்னத்தில் சந்தனம் வழிய, அத்தையைப் பார்த்து அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு படம். பல்வரிசை சற்று முன்னே தள்ளி இருக்கிறது. அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. என் மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எதையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

ஆல்பம் போன மூன்றாம் நாள் அந்த அம்மாள் போன் செய்தார். மகள் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தானே பக்கம் புரட்டிக் காட்டுகிறதாம். "சாப்புடக் கூப்டா வரமாட்டேன்னுதும்மா" என்று புகார் போலச் சொன்னார்.

நான் அந்தப் படங்களில் சிலவற்றைப் போனில் வைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். அன்று அவளும் உடன் வந்திருந்தாள். ஒரு பை வாங்க வேண்டியிருந்தது. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் கடைக்கு வராத போட்டோகிராபர் இந்த வட்டாரத்தில் இல்லை. நல்ல படம், கெட்ட படம் எல்லாம் தினமும் பார்க்கிறவர். அந்தச் சிரிக்கிற படத்தில் நின்றார். போனை என்னிடம் கொடுக்காமல் அவளிடம் கொடுத்தார்.

"எங்க சின்னப் பொண்ணுக்கு நிக்காஹ் வெச்சிருக்கோம்மா. லேடீஸ் பக்கம் எடுக்க ஆள் தேடிகினு இருந்தேன். நீங்க வரணும்."

"உங்க கடைக்கு எவ்வளோ போட்டோக்காரங்க வராங்க பாய்."

"அவங்களுக்குக் கேமரா விக்கிறேன் தங்கச்சி. வூட்டுக்குள்ள கூப்புடறது வேற." தேதியைச் சொன்னார்.

என் மனைவி, கழுத்தில் தொங்கிய கேமராவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அந்த வாரம் நமக்கு எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுவதும் காலி. அந்த மாதமே காலி. அது எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"பாத்துதான் சொல்லணும்" என்றேன்.