புங்கமரத்தடிச் செருப்பு

போன வாரம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதியைச் சப்பிவிட்டு மீதியைத் துப்பிவிட்டேன் என்று வந்து பெருமையாகச் சொன்னாள். "மண்ணு மாதிரி இருக்கு தாத்தா." நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒரு மாத்திரைக்கு இந்தக் கூத்தா என்று அவள் பார்த்ததில் தப்பில்லை. கிழத்துக்கு வேறு வேலையில்லை என்று நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மண் என்ன ருசியென்று என் பேத்திக்கு என்ன தெரியும். என் அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா மண் தின்பாள். திருவாரூருக்குப் பக்கத்தில் பண்ணையாட்கள் தெரு எங்களுடையது. தூறல் விழுந்து மண்சுவர் மணக்க ஆரம்பித்தால், ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் அடக்கிக்கொள்வாள். எங்கள் வீட்டுச் சுவரில் அவள் கைக்கு எட்டிய உயரத்தில் ஒரு குழியே விழுந்திருந்தது. முதல் மழையின் மண்வாசனையைப் பற்றி யாராவது உருக ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். பெரிய ரசிகர்கள். எனக்கு அது சோகையின் நாற்றம்.

அம்மாவுக்கு முகம் வெளுத்து ஊதியிருக்கும். நடவு வரிசையில் பாதியில் நின்று மூச்சு வாங்குவாள். மண் தின்றுதான் இப்படி ஆனாள் என்று தெருவே சொன்னது. அது தலைகீழ்க் கதை என்பது, அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிதில் சைக்கிளில் வந்த சுகாதார ஊழியர் சொல்லித்தான் தெரிந்தது. வயிற்றில் கொக்கிப்புழு ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கிறது. ரத்தம் குறைந்ததால்தான் மண்மேல் ஆசை வருகிறது. மாத்திரை கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "இது மட்டும் பத்தாதும்மா. கொல்லைக்குப் போற எடத்து ஈர மண்ணுலதான் இந்தப் புழு இருக்கு. கால் வழியா ஏறுது. செருப்பில்லாம போனீங்கன்னா மறுபடி வந்துரும்."

அப்பா திருவாரூருக்குப் போய் நீலவார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். அம்மா அதை முதல்நாள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்கள் ஒதுங்கும் மூங்கில் கொல்லை வாய்க்கால் கரையில் இருந்தது. பண்ணையார் வீடு இருக்கும் பண்ணைத் தெருவைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்போடு போகக்கூடாது. தெருமுனையில் ஒரு புங்கமரம். அம்மா அதன் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தெருவைக் கடந்து கொல்லைக்குப் போவாள். திரும்பி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவாள். புழு இருக்கும் மண்ணில் வெறுங்கால், புழு இல்லாத பாதையில் செருப்பு.

"கையில எடுத்துட்டுப் போயி அங்க போட்டுக்கயேன்" என்றார் அப்பா.

"கையில இருந்தா மட்டும் அவங்க கண்ணுக்குத் தெரியாதா? ஒங்க வேலையும் சேர்ந்து போயிரும்."

ஊரில் அப்போது விவசாயக் கூலிகளின் சங்கக்கொடி ஏறியிருந்தது. கூலிநெல்லுக்காக அடிதடி நடந்து தலைகள் உடைந்தன. கடைத்தெருவில் எல்லோரும் சமம் என்று மைக்கில் முழங்குவார்கள். மைக் சத்தம் பண்ணைத் தெருவுக்குள் தாராளமாகப் போகும். செருப்பு போகாது.

அதே வருஷம் பண்ணையில் ஒரு காளை இளைத்தது. அதற்கும் வயிற்றில் பூச்சிதான். மாட்டு டாக்டரை வண்டி அனுப்பி அழைத்து வந்தார்கள். அப்பா வாயைப் பிளந்து பிடிக்க, மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றினார்கள். காளை தேறிவிட்டது. லாடம் கட்டிய காலோடு அது அந்தத் தெருவில் டக் டக்கென்று நடந்து போகும். ஒரு மாட்டைப் பார்த்து வயிறெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாத்திரையில் கொஞ்சம் தேறியிருந்த அம்மா அடுத்த நடவுக்குள் மறுபடியும் வெளுத்தாள். அப்போது வயிற்றில் பிள்ளை வேறு. ஒருநாள் மூங்கில் கொல்லையிலேயே மயங்கி விழுந்தாள். கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடம்பில் ரத்தமே இல்லையே என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். தாயும் பிள்ளையும் வீடு திரும்பவில்லை. செருப்பு புங்கமரத்தடியிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அப்பா அந்த மரத்தடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் அம்மாவின் செருப்பைக் காலில் மாட்டினார். பாதிப் பாதம் வெளியே நின்றது. அப்படியே பண்ணைத் தெருவுக்குள் இறங்கி நடந்தார். பண்ணையார் வாசலில்தான் நின்றிருந்தார். ஊரே பற்றி எரியப்போகிறது என்று நினைத்தேன். அவர் அப்பாவின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். அடுத்த வாரம் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் பண்ணைத் தெருவில் செருப்போடு போனார்கள். பிறகு எல்லோரும் போனார்கள். இவ்வளவு சுலபமா என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது அங்கே பண்ணை இல்லை. நிலத்தை விற்றுக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மூங்கில் கொல்லை இல்லை, வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்துவிட்டது. ரோட்டை அகலப்படுத்தியபோது புங்கமரமும் போயிற்று. சிமெண்டு போட்ட அந்தப் பண்ணைத் தெருவில் என் பேத்தி பூட்ஸ் காலோடு ஓடுகிறாள். அம்மா அதில் ஒருதரம்கூடச் செருப்போடு நடக்கவில்லை.