ஒட்டும் உறவும் ஒரு கார்க் கதவும்

சுற்றம் தழுவுதல் இல்லறத்தார்க்குரிய அறங்களுள் தலையாயது. தழுவுவார் கை தளரலாம். தழுவப்படுவார் முகம் சுளிக்கலாம். ஆயினும் பற்றிய பிடியை விடாதிருத்தலே அவ்வறத்தின் இலக்கணம். அதற்குச் சொல்லளவில் மட்டுமன்றிப் பொருளளவிலும் எடுத்துக்காட்டாய் விளங்கியவர், ஒத்தக்கடையில் மாவு மில் நடத்தும் சோணைமுத்து. அவர் தழுவிய உறவினரைப் பிரித்தெடுக்கத் தேங்காய் எண்ணெய் தேவைப்பட்டது.

பகலெல்லாம் மில்லில் நின்று, மேனி முழுதும் நீறு பூசிய அடியார் போல மாலையில் வீடு திரும்புவார் சோணைமுத்து. நல்லவர். கோயில் பணி என்றால் முன்னால் நிற்பார். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று: நாவின் நுனியில் எந்நேரமும் ஒரு கேலி குந்தியிருக்கும், வாய் திறந்தால் அது முதலில் இறங்கிவிடும்.

அவரிடம் கைமாறி வந்த பழைய கார் ஒன்று இருந்தது. அதன் கதவுகளின் உட்புறத்தில் பதித்த பிளாஸ்டிக்கின் மேல், தொட்டால் மெத்தென்றிருக்க ஏதோ ஒரு பூச்சைப் பூசி அனுப்பியிருந்தார்கள். மதுரையின் சித்திரை வெயில் அந்தப் பூச்சைப் பாகாய் இளக்கிவிட்டது. தொட்ட விரலெல்லாம் கறுப்பு.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு அழகர்கோயிலுக்குப் போனபோது, மனைவி பாண்டியம்மாளின் அண்ணன் அழகுபாண்டியும் அந்தக் காரில் ஏறினார். பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். வெள்ளை வேட்டியைத் தவிர வேறு உடுத்தாதவர். கோயில் வாசலில் இறங்கிப் படம் எடுக்க வரிசையாய் நின்றபோதுதான், அவர் வேட்டியின் இடப்பக்கம் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அத்தனை உறவினரும் பார்த்திருக்க, சோணைமுத்துவின் நாக்கிலிருந்த கேலி இறங்கியது.

“நெசவாளி போட்ட கரை பத்தலைன்னு என் காரு இன்னொரு கரை போட்டுருக்கு மச்சான்.”

எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு அமைதியாய்ச் சொன்னார்: “இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. உன் விசேஷத்துல நான் கை நனைக்க மாட்டேன்.”

விருந்துக்கு வந்தவன் கை நனைக்காமல், அதாவது உண்ணாமல், எழுந்து போவதினும் பெரிய வசவு இந்தப் பக்கத்தில் இல்லை. பாண்டியம்மாள் அன்றிலிருந்து கணவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். இந்நிலையில் மகள் ரோகிணிக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். பிள்ளைக்கு உள்ள தாய்மாமன் ஒருவரே. அவரோ ஒட்டை அறுத்தவர்.

பாண்டியம்மாள் தானே தேர்ந்தெடுத்த பட்டுச் சட்டையையும் வேட்டியையும் தட்டில் வைத்துக்கொண்டு தனியாகப் பரவைக்குப் போய்வந்தாள். அண்ணன் இரங்கினார், பாதி அளவுக்கு. மடி தருவதாகவும், சாப்பாட்டுக்கு இருக்க முடியாதென்றும் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்ட சோணைமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். குற்றம் செய்தது கார். கழுவாயும் காரே தேட வேண்டும். மச்சானை அதே காரில், அதே முன் இருக்கையில் அமர்த்தி, கறை படாமல் கொண்டுவந்து இறக்குவது. அதன் பிறகு அவர் உண்ணாமல் போவாரா பார்ப்பது.

காளவாசலில் பெயின்ட் கடைக்காரர் வழி சொன்னார். பழைய பிசினை முழுக்கச் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பின்பே கறுப்பு வண்ணம் அடிக்க வேண்டும். அடியில் பிசின் இருந்தால் மேலே அடிப்பது எந்நாளும் காயாதாம். உள்ளிருக்கும் ஆணவ மலம் கழியாமல் மேலே திருவருள் பதியாது என்பதுதானே ஆன்றோர் கொள்கையும் என்று வியந்து, ஸ்பிரே டின்களோடு வீடு வந்தார் சோணைமுத்து.

கதவுப் பலகைகளைக் கழற்றி மொட்டை மாடியில் பரப்பினார். ஒரு கதவைச் சுரண்டவே ஒரு மாலை பிடித்தது. சுரண்டிய பிசின் சுரண்டியில் ஒட்டியது. சுரண்டியிலிருந்து கையில் ஒட்டியது. கையிலிருந்து மீசைக்குப் போனது. வண்ணம் அடித்தபோது காற்று திரும்பியதில், ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த மோர்மிளகாய் அத்தனையும் கரும்புள்ளி பூண்டது. மிளகுத் தூள் தூவினாற்போல் அழகாயிருக்கிறது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பாண்டியம்மாள் தட்டோடு எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

மூன்று கதவுகள் குறைவின்றி முடிந்தன. நான்காவது, மச்சான் அமரப்போகும் இடப்பக்கத்து முன்கதவு. அதன் பெருமை கருதி, அதை மட்டும் வெள்ளிக்கிழமைக்கென்று நிறுத்திவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் சுரண்டியைக் கையிலெடுத்தபோதுதான் இடைஞ்சல் தெரிந்தது. வெள்ளிக்கிழமையில் வீட்டில் ஒட்டடை கூட அடிப்பதில்லை. இருப்பதைச் சுரண்டி வெளியே கொட்டலாமா? திருமகள் அல்லவா கூடப் போவாள்? பூசுவது மங்கலம், சுரண்டுவது அமங்கலம். எனவே மங்கலத்தை மட்டும் செய்தார். பிசினின் மேலேயே இரண்டு பூச்சு. நான்கு கதவிலும் அதுவே அதிகம் மினுங்கியது.

ஞாயிறு காலை கணவனும் மனைவியும் பரவைக்குப் போனார்கள். அழகுபாண்டி தங்கை தந்த பட்டுச் சட்டையில் வந்து முன் இருக்கையில் அமர்ந்தார். வேட்டியை மடித்து மடிக்குள் ஒடுக்கிக்கொண்டார். காரை ஓட்டிய சோணைமுத்துவோடு நேரே பேசவில்லை. சொல்ல வேண்டியதைப் பின்னால் இருந்த தங்கையிடம் சொன்னார். டிரைவரை ஏசி கூட்டி வைக்கச் சொன்னார். டிரைவரை மெதுவாய்ப் போகச் சொன்னார். கிழக்கு வெயில் இடப்பக்கக் கண்ணாடி வழியாய்க் கதவின்மேல் நேராய் விழுந்தது. அவர் கை அங்கேதான் இருந்தது.

தட்டுக்குப் பழம் வாங்கக் காளவாசல் பக்கம் சுற்றியபோது சிக்னலில் நின்றார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்த சோணைமுத்துவுக்கு அதற்குமேல் முடியவில்லை.

“மச்சான், வேட்டி பத்திரமா இருக்கா?”

அழகுபாண்டியின் முகம் இறுகியது. “பாண்டியம்மா, டிரைவர வண்டிய ஓரங்கட்டச் சொல்லு. நான் பஸ்சுல பரவைக்குப் போறேன்.”

சொல்லிவிட்டு எழப்போனார். கை எழவில்லை. முழங்கை முதல் மணிக்கட்டு வரை பட்டுச் சட்டை கதவோடு ஒன்றியிருந்தது. உள்ளங்கையும் உடன் இருந்தது. இழுத்தார். பட்டு நூல் கிரீச்சிட்டது. தங்கை எடுத்த சட்டை. கிழிக்க மனம் வரவில்லை. உள்ளங்கையை உரித்தெடுத்து, பொத்தானைக் கழற்றிச் சட்டையை விட்டுவிட்டு இறங்கலாம். காளவாசல் நடுவில் பனியனோடு நிற்கவும் மனம் வரவில்லை. பின்னால் ஷேர் ஆட்டோக்கள் முழங்கின.

பாண்டியம்மாள் முன்னால் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

“ஒட்டு இல்லைன்னு சொன்னியேண்ணே. இது என்னவாம்?”

பச்சை விழுந்தது. கார் ஒத்தக்கடைக்குப் போயிற்று.

மண்டபத்தில் முகூர்த்தம் முடியும் தறுவாய். பிரித்தெடுக்க நேரமில்லை. தாய்மாமன் மடி எங்கேயோ அங்கேயே சபை என்று பெரியவர்கள் தீர்த்துச் சொல்ல, மாலையும் கழுத்துமாய் ரோகிணியைக் கொண்டுவந்து முன் இருக்கையில் மாமன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஓட்டுநர் இருக்கையில் முழந்தாளிட்டு, மேற்கூரையில் இருமுறை தலை முட்டி, காது குத்தினார். நான்கு சன்னல்களிலும் உறவினர் முகங்கள். வீடியோக்காரர் முன்கண்ணாடி வழியே படம் பிடித்தார். பிள்ளை அழவில்லை, மாமன் கை ஒட்டியிருந்த அதிசயத்தைத் தன் சிறு விரலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையின் காதுக்கென்று வைத்திருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றிச் சட்டையைப் பிரித்தார் சோணைமுத்து. கை விடுபட்டது. சட்டையில் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. கூடியிருந்தவர் அத்தனை பேரும் சோணைமுத்துவின் வாயைப் பார்த்தார்கள். அவர் எண்ணெய்க் கையாலேயே அதை மூடிக்கொண்டார்.

அழகுபாண்டி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “என்ன மாப்ள, கரையப் பத்தி இன்னைக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்?”

ஓராண்டாய் வெளிவராத சொல் ‘மாப்ள’. சோணைமுத்துவுக்குக் கண் நிறைந்தது. வாயிலிருந்து கையை எடுக்கத் துணியவில்லை. பாண்டியம்மாள் செம்பும் சோப்புமாய் வந்து அண்ணன் உள்ளங்கையில் நீர் வார்த்தாள். கறுப்பு போகும்வரை வார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்தாள்.

“கை நனைச்சாச்சுண்ணே. வா, இலை போட்டுருக்கு.”

அவர் ஈரக் கையைப் பார்த்தார்; தங்கையைப் பார்த்தார்; வேறு வழியில்லை என்பது போலப் பந்தியை நோக்கி நடந்தார். மூன்றாம் முறை சோறு வாங்கியபோது, மோர்மிளகாய் இல்லையா என்று கேட்டார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆலவாய் அண்ணலும் அங்கயற்கண்ணி அம்மையும் அவ்வில்லத்தைக் காக்க. மில்லில் மாவும், மாடியில் மோர்மிளகாயும் குறைவற விளைக. ரோகிணியின் காதில் பொன் நிலைக்க. அவ்வாசலுக்கு வரும் சுற்றம் கை நனையாமல் திரும்பாதிருக்க. அந்த இடப்பக்கக் கதவு மட்டும் இனியேனும் காய்க.